பழி தீர்ந்த மறுநாள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: டி.வி.யிலும் ஓ.டி.டி.யிலும் ஓடும் பழிவாங்கும் தொடர்கள். இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

ஒரே வார்த்தையில் பதில் வேண்டும். பழிவாங்கும் தொடர்களைக் கிறிஸ்தவர்கள் பார்க்கலாமா, கூடாதா?
(ஒரு குடும்பத்தலைவி, நாசரேத்)

எதை?

இந்த ஒரு வார்த்தையைக் கேட்காமல் 'பார்க்கலாம்' என்பவரும் சரி, 'கூடாது' என்பவரும் சரி, வழக்கை விசாரிக்காமலே தீர்ப்பு எழுதுகிறார்கள்.

வேதத்திலேயே வெட்டும் குத்தும் நிறைய. நியாயாதிபதிகள் புத்தகத்தை அப்படியே படமாக எடுத்தால் 'ஏ' சான்றிதழ்தான் கிடைக்கும். அப்புறம் டி.வி.யை மட்டும் குறை சொல்வானேன்?
(கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை)

ரத்தத்துக்காக நான் குறை சொல்லவில்லை, தம்பி. ரத்தம் சிந்தின பிறகு கதை எங்கே போகிறது என்றுதான் பார்க்கிறேன்.

2 சாமுவேல் 13-ஐ எடுங்கள். அம்னோன் தன் மாற்றாந்தாய் மகள் தாமாரைக் கெடுத்துவிட்டு, கதவுக்கு வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போடச் சொல்கிறான். அப்பா தாவீது நாட்டுக்கே ராஜா. கேள்விப்பட்டான், கோபப்பட்டான், ஒன்றும் செய்யவில்லை. தாமாரின் கூடப்பிறந்த அண்ணன் அப்சலோம் நல்லதும் பேசவில்லை, கெட்டதும் பேசவில்லை. 2 வருஷம் காத்திருந்தான். ஆட்டு மயிர் கத்தரிக்கிற விருந்துக்கு அம்னோனை அழைத்தான். அவன் குடித்துக் களித்திருந்த நேரம் பார்த்து வேலைக்காரரை ஏவினான். கதை முடிந்தது.

தொடர் எடுப்பவர்களுக்கு இது கைமேல் கிடைத்த கதை. எட்டு எபிசோட், கடைசி எபிசோடில் விருந்து, பிறகு எழுத்து ஓடும். வேதமோ அங்கே நிறுத்த மறுக்கிறது. அப்சலோம் கேசூருக்கு ஓடி 3 வருஷம் ஒளிந்திருக்கிறான். எருசலேமுக்குத் திரும்பியும் 2 வருஷம் அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடுத்து அப்பாவுக்கு எதிராகவே படை திரட்டுகிறான். எப்பிராயீம் காட்டில் ஒரே நாளில் 20,000 பேர் விழுகிறார்கள். அப்சலோம் கர்வாலி மரத்தில் தலை மாட்டித் தொங்க, யோவாப் மூன்று ஈட்டிகளை அவன் நெஞ்சில் குத்துகிறான். தாவீது மகன் பேரைச் சொல்லி அழுதுகொண்டே மேல்வீட்டுக்கு ஏறிப் போகிறான்.

சரி, தாமார்? அண்ணன் வீட்டில் தனித்துக் கிடந்தாள் என்று 20-ஆம் வசனம் சொல்கிறது. அதோடு சரி. பழி தீர்ந்துவிட்டதென்று யாராவது அவளிடம் போய்ச் சொன்னதாகக்கூட வேதத்தில் இல்லை. அப்சலோமின் பாசம் பொய்யில்லை. தனக்குப் பிறந்த மகளுக்குத் தாமார் என்றே பேர் வைத்தான். ஆனாலும் அவன் கத்தியால் அவளுக்கு ஒரு நாள்கூடத் திரும்பக் கிடைக்கவில்லை.

பழி தீர்ந்த மறுநாளைக் காட்டுகிற கதையை நான் மதிக்கிறேன். மறுநாள் விடிவதற்குள் திரையை அணைத்துவிடுகிற கதையைச் சந்தேகிக்கிறேன்.

வில்லன் சாகும்போது மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது. அதுவும் தப்பா?
(வாசகர், நாகர்கோவில்)

துன்மார்க்கர் அழியும்போது ஊர் கெம்பீரிக்கும் என்பது நீதிமொழிகள் 11:10. சத்துரு விழும்போது சந்தோஷப்படாதே என்பது நீதிமொழிகள் 24:17. இரண்டும் ஒரே புத்தகம். ஊர் பிழைத்ததற்கு மகிழலாம், ஒருத்தன் துடிப்பதற்கு மகிழக்கூடாது. உங்களுடையது எந்த மகிழ்ச்சி என்று தெரிய வேண்டுமா? வில்லன் வலியில்லாமல் ஒரே குண்டில் செத்துவிட்டால் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கிறதா, பாருங்கள்.

'தி குளோரி' கொரியத் தொடரை ஒரே மூச்சில் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் என்னையும் ஒரு கும்பல் பாடாய்ப் படுத்தியது. கதாநாயகி ஒவ்வொருத்தரையாக வீழ்த்தும்போது கைதட்டினேன், அழுதேன். ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து எடுக்க மனசு உறுத்தியது.
(பெயர் வேண்டாம் என்ற வாசகி, தூத்துக்குடி)

முதலில் திருவிருந்துக்குப் போங்கள், மகளே. அநியாயத்தைப் பார்த்து அழுததற்காக உங்களைப் பந்தியிலிருந்து எழுப்ப யாருக்கும் அதிகாரமில்லை.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நெட்ஃபிளிக்ஸில் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் எட்டெட்டு எபிசோடாக வந்தது. மூன் தோங்-உன் என்ற ஏழை மாணவியின் உடம்பில், முடி சுருட்டும் சூட்டுக்கருவியை வைத்துச் சுட்டு விளையாடுகிறார்கள் கூடப் படிக்கும் பிள்ளைகள். போலீஸுக்குப் போகிறாள், பலனில்லை. வகுப்பாசிரியர் அவளையே அடிக்கிறார். பெற்ற தாய் பணத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறாள். பழிக்கு முன்னால் இத்தனை கதவுகள் அடைபடுவதை அந்தக் கதை காட்டுகிறது. அதனால்தான் உங்களுக்குத் தொண்டை அடைத்தது. லூக்கா 18-இல் ஒரு விதவை, அநீதியுள்ள நியாயாதிபதியை விடாமல் நச்சரிக்கிறாள், எனக்கு நியாயம் செய்யும் என்று. ஆண்டவர் அவளை அடங்கிப் போகச் சொல்லவில்லை. சோர்ந்துபோகாமல் ஜெபிப்பதற்கு அவளையே உதாரணமாக நிறுத்தினார்.

இனி தொடரைப் பற்றி என் தீர்ப்பு. முக்கால் பங்கு நேர்மையான கதை. 18 வருஷம் பழிக்காகவே மூச்சுவிட்டவள் என்ன ஆகிறாள் என்பதை அது மறைக்கவில்லை. எல்லாம் முடிந்ததும் அவள் போய் நிற்பது மொட்டைமாடி விளிம்பில், குதிப்பதற்காக. எழுதிய கிம் உன்-சுக் இந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கலாம், போகவில்லை. அதற்காக அவரை வணங்குகிறேன். ஆனால் அவளை அங்கிருந்து இறக்கிக் கொண்டுவருவது எது? அவளை நேசிக்கிற டாக்டரின் தாய் ஓடிவந்து, தன் மகனைக் காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சுகிறாள். அந்த மகனுக்கும், அப்பாவைக் கொன்றவன்மேல் ஒரு பழி பாக்கி இருக்கிறது. இருவரும் அதைத் தீர்க்க ஒரு சிறைச்சாலைக்குள் நடந்து போவதோடு தொடர் முடிகிறது. நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, அதே நோயை மருந்தாக எழுதிக்கொடுத்த கதை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு நடந்ததை வாய்திறந்து யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா? இல்லையென்றால், தொடருக்கு முன்னால் அழுததை நம்பிக்கையான ஒரு மனுஷிக்கு முன்னால் அழுங்கள். இந்த வாரமே.

அதே தொடரில் போதைக்கு அடிமையான கொடுமைக்காரி ஒருத்தி போதகரின் மகள். வேண்டுமென்றே நம்மை இழிவுபடுத்துகிறார்கள். கண்டித்து எழுதுங்கள்!
(ஒரு சபைச் செயலர், மார்த்தாண்டம்)

கண்டிக்க மாட்டேன் ஐயா, காது கொடுப்பேன்.

கொரியாவில் மிகப் பெரிய சபைகள் உண்டு. அந்த ஊர்க் கதாசிரியர்கள் கிறிஸ்தவர்களைப் பக்கத்து வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள். லீ சாங்-டோங் 2007-இல் எடுத்த 'சீக்ரெட் சன்ஷைன்' படத்தில் ஒரு காட்சி. மகனைக் கடத்திக் கொன்றவனை மன்னிப்பதற்காகத் தாய் சிறைக்குப் போகிறாள். அதற்குள் அவள் சபையில் சேர்ந்து, ஜெபித்து, அந்த மன்னிப்பை ரத்தம் சுண்டச் சுண்டச் சம்பாதித்து வைத்திருக்கிறாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து உட்காருகிறவன் முகம் தெளிந்திருக்கிறது. ஆண்டவர் தன்னை மன்னித்துவிட்டார், மனசு சமாதானமாக இருக்கிறது என்கிறான். அவள் கையில் கொண்டுவந்த மன்னிப்புக்கு அங்கே வேலையில்லை. வெளியே வந்து மயங்கி விழுகிறாள். நடித்த ஜோன் தோ-யோனுக்கு அந்த வருஷம் கான் விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது.

இதைப் பார்த்துவிட்டு 'எங்களை அவமானப்படுத்திவிட்டார்கள்' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. காணிக்கையைப் பலிபீடத்தண்டை வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னவர் நம்முடைய ஆண்டவர். மத்தேயு 5-ஐ நாம் தாண்டிப் போனதைத்தான் அந்தக் கொரியர்கள் படம்பிடித்தார்கள். சகேயு ரட்சிப்பை வாங்கிக்கொண்டு ஏமாந்தவர்களின் வாசலை மறந்துவிடவில்லை, நாலு மடங்கு திருப்பித் தருவதாகச் சொன்னான். அப்படி ஒரு போதகர் மகளை நாம் வளர்த்துக் காட்டுவோம். தொடரில் தானாக இடம் கிடைக்கும்.

ஜெபித்துவிட்டுப் பார்த்தால் சரியாகிவிடுமா?
(வாசகி, கோவை)

பார்த்துவிட்டு ஜெபிக்க முடிகிறதா?

ஆபீஸில் நாள் முழுக்க மேலாளரிடம் திட்டு. ராத்திரி ஒரு அடிதடி சீரிஸ் பார்த்தால் கோபம் வடிந்துவிடுகிறது. நல்லதுதானே?
(ஐ.டி. ஊழியர், சென்னை)

வடிகிறதா, ஊறுகிறதா?

2002-இல் பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். கோபமூட்டப்பட்டவர்களில் சிலரை, தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தச் சொன்னார். சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிடக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. 2008-இல் கெவின் கார்ல்ஸ்மித்தும் இன்னும் இருவரும் வேறொன்றைப் பார்த்தார்கள். ஒரு விளையாட்டில் தங்களை ஏமாற்றியவரைத் தண்டிக்க வாய்ப்புக் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிட மனம் கசந்துபோயிருந்தார்கள். தண்டித்த ஆளையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தார்கள். தண்டித்தால் நிம்மதி வரும் என்பது முன்கூட்டியே எல்லோரும் போட்ட கணக்கு.

கையால் குத்துவதும் கண்ணால் பார்ப்பதும் ஒன்றல்ல. ஆனால் அடிவாங்குகிறவன் முகத்தில் உங்கள் மேலாளரின் முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தால் அந்தத் தூரம் ரொம்பக் குறைந்துவிடும். சூரியன் அஸ்தமிக்கும் முன் கோபத்தை முடித்துவிடச் சொன்னார் பவுல். நீங்கள் அஸ்தமித்த பிறகுதான் ரிமோட்டையே எடுக்கிறீர்கள்.

'டேர்டெவில்' கத்தோலிக்க ஹீரோ. 'பனிஷர்' சுட்டுத் தள்ளுகிற ஹீரோ. யார் பக்கம் நியாயம்?
(பிளஸ் டூ மாணவர், திருச்சி)

'டேர்டெவில்' இரண்டாம் சீசன், மூன்றாம் எபிசோட், மொட்டைமாடி. 2016-இல் வந்தது. டேர்டெவிலைச் சங்கிலியால் கட்டிப்போட்டு, அவன் கையில் ஒரு துப்பாக்கியை டேப் சுற்றி ஒட்டிவிடுகிறான் பனிஷர். எதிரே க்ரோட்டோ என்ற குற்றவாளி. பனிஷர் தருகிற தேர்வு இதுதான்: நான் இவனைக் கொல்லப்போகிறேன், தடுக்க வேண்டுமானால் நீ என்னைச் சுடு. மனிதன் திருந்துவான், அந்த வாய்ப்பை நீ பறிக்க முடியாது என்று டேர்டெவில் வாதாடுகிறான். திருந்தாதவர்களின் பட்டியல் பனிஷரிடம் இருக்கிறது. கடைசியில் டேர்டெவில் பனிஷரைச் சுடவில்லை, தன் சங்கிலியைச் சுடுகிறான். அதற்குள் க்ரோட்டோ மேல் குண்டு பாய்ந்துவிடுகிறது.

நியாயம் டேர்டெவில் பக்கம். அன்றைய வெற்றி பனிஷர் பக்கம். இரக்கத்தின் பக்கம் நின்றால் அந்த ராத்திரியே ஜெயிப்பாய் என்று தொடர் பொய் சொல்லவில்லை. கல்வாரியிலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் இப்படித்தான் தெரிந்தது.

டேர்டெவிலையும் நான் சும்மா விட மாட்டேன். முதல் எபிசோடிலேயே பாவசங்கீர்த்தனக் கூண்டில் உட்கார்ந்து, இனிமேல் செய்யப்போவதற்கு மன்னிப்புக் கேட்கிறான். பாவமன்னிப்பை முன்பணமாகக் கேட்கிறவனைப் பார்த்துப் பாதிரியார் இசையாதது எனக்குப் பிடித்தது.

பனிஷரின் நெஞ்சில் இருக்கிற மண்டை ஓட்டைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 1974-இல் காமிக்ஸில் அந்தப் பாத்திரத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் ஜெரி கான்வே. சட்டம் தோற்றுப்போன இடத்தில் முளைக்கிறவன் இவன் என்பது அவருடைய எண்ணம். பிற்பாடு அமெரிக்கச் சிப்பாய்களும் போலீஸாரும் அந்த மண்டை ஓட்டை உடுப்பிலும் வண்டியிலும் ஒட்டிக்கொண்டார்கள். கான்வே வருத்தப்பட்டு எதிர்த்தார். 2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்த கும்பலிடமும் அந்தச் சின்னம் இருந்தது. எச்சரிக்கையாக வரைந்ததை ஜனங்கள் பதக்கமாகக் குத்திக்கொண்டார்கள். கதை நல்லதா என்று மட்டும் கேட்காதே தம்பி. அதைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கிறவன் எதை அணிய ஆசைப்படுகிறான் என்றும் கேள்.

கொடூரமான காட்சி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறேன். போதாதா?
(வாசகி, வேலூர்)

அலிப்பியஸ் என்ற வாலிபரும் அப்படித்தான் நினைத்தார். அவருடைய நண்பர் பரிசுத்த அகஸ்டின் தம் 'அறிக்கைகள்' நூலின் ஆறாம் புத்தகத்தில் அதை எழுதியிருக்கிறார். சட்டம் படிக்க ரோமாபுரிக்குப் போன இடத்தில், வாள்வீரர்கள் ஒருவரையொருவர் கொல்லும் விளையாட்டு அரங்கத்துக்குச் சிநேகிதர்கள் அவரை இழுத்துப் போனார்கள். என் உடம்பைத்தான் உட்காரவைக்க முடியும், மனசையல்ல என்றார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். காதை மூடவில்லை. ஒருத்தன் விழுந்தான், அரங்கமே கத்தியது, அலிப்பியஸின் கண் திறந்தது. அதற்கப்புறம் மூடவே இல்லை. மற்றவர்களோடு சேர்ந்து கத்தினார். திரும்பவும் போனார், புது ஆட்களையும் இழுத்துக்கொண்டு.

அகஸ்டின் எவ்வளவு நுணுக்கமாகக் கவனித்திருக்கிறார் பாருங்கள். ரத்தம் அல்ல, சத்தம்தான் முதலில் அவரைப் பிடித்தது. அரங்கத்தில் கூட்டம் செய்த வேலையை இன்றைக்குப் பின்னணி இசை செய்கிறது. அடுத்த தடவை கண்ணை மூடாமல் ஒலியை அணைத்துப் பாருங்கள். மேளமும் கிட்டாரும் இல்லாமல், ஒரு மனிதன் இன்னொரு மனிதனை அடித்துக்கொண்டிருப்பது மட்டும் தெரியும். அப்போதும் ரசிக்க முடிகிறதா என்று எழுதுங்கள்.

அலிப்பியஸ் அதோடு தொலைந்துபோகவில்லை. பின்னாளில் தாம் பிறந்த தகாஸ்தே நகரத்துக்கே ஆயரானார்.

வளர்ந்தவர்களுக்குக் கதை எது, நிஜம் எது என்று தெரியாதா?
(வாசகர், மதுரை)

2006 நவம்பரில், அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் டீன் பிரிகேடியர் ஜெனரல் பாட்ரிக் ஃபினெகன், '24' தொடரை எடுத்தவர்களைத் தேடி நேரில் போனார். சித்திரவதை செய்தால் உண்மை வந்துவிடும் என்று வாராவாரம் காட்டாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். காரணம், அவர் போர்ச் சட்டம் கற்பித்த மாணவர்களின் மனசில் பாடத்தைவிடத் தொடர் ஆழமாக இறங்கியிருந்தது. அவர்களெல்லாம் வளர்ந்தவர்கள்தான்.

பிலிப்பியர் 4:8-ஐ வைத்து எங்கள் போதகர் எல்லாத் தொடர்களையும் தள்ளிவிட்டார். சரியா?
(வாலிபர் கூட்டச் செயலாளர், திருநெல்வேலி)

அந்த வசனத்தின் பட்டியலில் முதலில் நிற்பது உண்மை. வன்முறையைப் பற்றி உண்மை சொல்லும் தொடர் அந்த வாசலைத் தாண்டிவிடும். ரத்தமே காட்டாமல், அடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பொய் சொல்கிற குடும்பத் தொடர் அங்கேயே நின்றுவிடும். சாயங்காலம் ஏழு மணிக்கு மாமியாரும் மருமகளும் மாறி மாறி விஷம் வைப்பதைப் பற்றி உங்கள் போதகர் ஏதாவது சொன்னாரா?

சங்கீதம் 109, 137 எல்லாம் பழிவாங்கும் பாட்டுகள்தானே?
(வாசகர், பெங்களூரு)

ஆமாம். மழுப்ப மாட்டேன். 137-இன் கடைசி வசனத்தைச் சபையில் சத்தமாக வாசிக்கக் கேட்டவர்கள் குறைவு.

ஆனால் பாடுகிறவன் கையில் என்ன இருக்கிறது? நாடு இழந்து, ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறான். கத்தி இல்லை. மனசில் இருக்கிற அத்தனை விஷத்தையும் ஆண்டவரிடம் கொட்டிவிட்டு, தீர்ப்பை அவரிடம் விடுகிறான். தொடரின் ஹீரோ யாரிடமும் வாய் திறக்க மாட்டான், எல்லாவற்றையும் தானே செய்வான். வித்தியாசம் அதுதான்.

குரோவேஷிய இறையியலாளர் மிரோஸ்லாவ் வோல்ஃப், யுகோஸ்லாவியப் போரின் காயம் ஆறாத 1996-இல் ஒரு புத்தகம் எழுதினார். தேவன் நியாயந்தீர்ப்பார் என்ற நம்பிக்கை இருப்பவனால்தான் வாளைக் கீழே வைக்க முடியும் என்பது அதில் அவருடைய வாதம். நான் அதை முழுமனதோடு ஏற்கிறேன். தேவன் யாரையும் எதற்கும் கேட்க மாட்டார் என்று பிரசங்கிக்கத் தொடங்கினோம். கேட்பதற்கு ஒருத்தன் வேண்டுமே என்று ஜனங்கள் பனிஷரைத் தேடிப் போனார்கள்.

மன்னிப்பு என்பது கையாலாகாதவன் பேச்சு என்கிறான் என் நண்பன்.
(டிப்ளமோ மாணவர், ஓசூர்)

கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் பெயரை நண்பனுக்குத் தெரியுமா? 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவர் கணவர் கிரஹாமையும், பிலிப், திமோத்தி என்ற இரண்டு சிறு மகன்களையும் ஒரு கும்பல் தீவைத்துக் கொன்றது. கொன்றவர்களை மன்னித்துவிட்டேன் என்றார் கிளாடிஸ். உடனே மூட்டை கட்டி ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிவிடவும் இல்லை. பாரிபதாவில் தொழுநோயாளர் பணியைத் தொடர்ந்தார். 2005-இல் பத்மஸ்ரீ கொடுத்து நாடு அவரைக் கௌரவித்தது.

சட்டம் தன் பாட்டில் நடந்தது. முதல் குற்றவாளிக்கு 2003-இல் விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2005-இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அவர் மன்னித்ததால் நீதிமன்றம் பூட்டப்படவில்லை. நீதிமன்றம் நடந்ததால் அவர் மன்னிப்பு பொய்யாகவும் இல்லை. ரோமர் 12 பழிவாங்காதே என்று முடிகிறது, 13 அதிகாரியின் பட்டயத்தைப் பற்றித் தொடங்குகிறது. இரண்டையும் ஒரே மனிதர் ஒரே கடிதத்தில் அடுத்தடுத்து எழுதினார். தொடர்களில் மன்னிக்கிறவர் என்றால் ஏமாளி, சட்டம் என்றால் லஞ்சம். கிளாடிஸ் மாதிரி ஒருவரைக் கதாநாயகியாக வைத்து எழுத, பத்துத் துப்பாக்கிச் சண்டை எழுதுவதைவிட அதிகத் திறமை வேண்டும்.

ஹீரோ குற்றவாளிகளை மட்டும்தான் தண்டிக்கிறான், அப்பாவிகளைத் தொடுவதில்லை என்றால் பரவாயில்லையா?
(வாசகர், சேலம்)

அலெக்ஸாந்தர் டூமாவின் மான்டி கிறிஸ்டோ கோமகனும் அப்படித்தான் நினைத்தான். 1844 முதல் 1846 வரை பத்திரிகையில் தொடராக வந்த கதை. செய்யாத குற்றத்துக்கு 14 வருஷம் சிறையில் கிடந்தவன், எதிரிகளை ஒவ்வொருவராக வீழ்த்துகிறான். தன்னைக் கடவுளின் கையாகவே நம்புகிறான். அவன் ஆட்டிவைத்த ஆட்டத்தில் எட்வர்ட் என்ற சின்னப் பையன் விஷத்தால் சாகிறான். அந்தப் பிணத்துக்கு முன்னால்தான், கடவுள் தன் பக்கம் இருக்கிறார் என்ற நம்பிக்கை அவனுக்கு ஆட்டம் காண்கிறது.

ஏ.பி.சி. ஒளிபரப்பிய 'ரிவெஞ்ச்' தொடர் (2011–2015) இந்தக் கதையின் வழியில் வந்ததுதான். கதாநாயகி ஒரு புகைப்படத்தில் உள்ளவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகச் சிவப்பு மையால் அடிக்கிறாள். பக்கத்தில் நிற்கிற முகங்களிலும் மை படாமல் அடிக்க அவளாலும் முடியவில்லை. மோசேயின் சட்டத்தில் கண்ணுக்குக் கண் என்பது பழிக்குப் போட்ட வேலி, ஒரு கண்ணுக்கு மேல் தொடாதே என்று. வேலி போதாதென்று ஆறு அடைக்கலப்பட்டணங்களும் வைத்தார்கள், பழிவாங்குகிறவன் துரத்தி வருமுன் கைப்பிசகாய்க் கொன்றவன் ஓடி நுழைய. வெட்டுகிறவன் கைக்கு நிதானம் இருக்காது என்று தெரிந்து செய்த ஏற்பாடு அது.

எட்டாம் வகுப்புப் பையன் இவற்றைப் பார்க்கத் துடிக்கிறான். என்ன செய்ய?
(ஒரு தகப்பன், தஞ்சாவூர்)

2021-இல் வந்த மத்திய அரசின் விதிப்படி ஓ.டி.டி.யில் ஒவ்வொரு தொடருக்கும் யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று வகை போட்டிருக்க வேண்டும். 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பூட்டும் வசதி தர வேண்டும். பூட்டைப் போடுங்கள். கடவுச்சொல்லாக அவன் பிறந்த தேதியை வைக்காதீர்கள். பூட்டோடு நிறுத்திவிடவும் வேண்டாம். அவனுக்கு ஏற்ற ஒரு சண்டைப் படத்தை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். ஐந்தாவது அடியாள் விழுந்ததும் நிறுத்தி, 'இவன் பேர் என்ன?' என்று கேளுங்கள். தெரியாது என்பான். கதையில் யாரும் அவனுக்குப் பேர் வைக்கவில்லை. அங்கிருந்து பேச ஆரம்பியுங்கள்.

உங்களுக்கே பிடித்த பழிவாங்கும் கதை ஏதாவது உண்டா?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, சாயர்புரம்)

உண்டு அம்மா, 1 சாமுவேல் 25. எத்தனை தரம் வாசித்தாலும் அலுக்காத கதை.

தன்னை அவமானப்படுத்திய நாபாலின் வீட்டில், பொழுது விடிவதற்குள் ஓர் ஆண்பிள்ளையும் மிஞ்சக்கூடாது என்று 400 பேரோடு தாவீது புறப்படுகிறான். எல்லாரும் இடுப்பில் பட்டயம் கட்டியாகிவிட்டது. நாபாலின் மனைவி அபிகாயிலுக்கு ஒரு வேலைக்காரன் சேதி சொல்கிறான். அவள் அழவில்லை, ஓடி ஒளியவில்லை. 200 அப்பம், இரண்டு துருத்தி திராட்சரசம், சமைத்த ஐந்து ஆடு, வறுத்த பயறு, வற்றலான திராட்சப்பழக் குலை 100, அத்திப்பழ அடை 200, எல்லாவற்றையும் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு, புருஷனிடம் சொல்லாமல் மலையிறக்கத்தில் தாவீதுக்கு எதிரே போகிறாள்.

அவள் பேசியதை நிறுத்தி வாசியுங்கள். உன் கோபம் தப்பு என்று அவள் சொல்லவில்லை. என் புருஷன் புத்திகெட்டவன்தான் என்று ஒப்புக்கொள்கிறாள். பிறகு தாவீதை எதிர்காலத்துக்குக் கூட்டிப் போகிறாள். நீர் ராஜாவாக இருக்கும் நாளில், வீணாக ரத்தம் சிந்தினேனே என்ற உறுத்தல் உமக்கு இருக்க வேண்டாமே என்கிறாள். தாவீது பட்டயத்தோடு திரும்பிப் போகிறான். தன்னைத் தடுத்ததற்காக அவளை வாழ்த்திவிட்டுப் போகிறான்.

இந்தக் கதையில் ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் நெஞ்சு படபடக்கிறது. தமிழிலோ கொரிய மொழியிலோ யாராவது இதை எட்டு எபிசோட் எடுத்தால், முதல் நாளே நான் பார்ப்பேன்.

பாதி பார்த்த தொடரை இப்போது நிறுத்தவா, முடிக்கவா?
(வாசகி, காரைக்கால்)

முடியுங்கள், ஆனால் ஒரே ராத்திரியில் வேண்டாம். அடுத்த எபிசோட் தானாக ஓடுகிற வசதியை அணைத்துவிடுங்கள். எபிசோடுக்கு எபிசோட் ஒரு நாள் இடைவெளி விட்டுப் பாருங்கள். இடையில் தூங்கி எழுந்தும், யாரைக் கொல்வார்கள் என்பது மட்டுமே ஆவலாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த மனிதர்களுக்கு என்ன ஆகுமோ என்ற கவலை வந்தால் கடைசிவரை பாருங்கள், பார்த்துவிட்டு எனக்கும் பேரை எழுதி அனுப்புங்கள்.